தனத்தின் மோட்டரை ஒன்றரை அங்குலம் இறக்கினேன்

முனீஸ்வரன் கோயில் முற்றத்தில் மோட்டர் சைக்கிள் வலப்பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. கண்ணாடியில் மாட்டிய மாலையோடு கிடந்தது. டேங்கில் பூசிய சந்தனம் இன்னும் காயவில்லை. முன் சக்கரத்துக்கு வைத்திருந்த எலுமிச்சம்பழம் நசுங்காமல் உருண்டு போய்ப் பூசாரியின் காலடியில் நின்றது.

பூசாரி, "அலமாக்!" என்றார். எங்கள் ஊர் 'ஐயையோ' அது. சாமி முன்னால் சொல்லக்கூடிய வார்த்தை அல்ல, அவரை அறியாமல் வந்துவிட்டது.

என் மனைவி தனலெட்சுமி இரண்டு எட்டுத் தள்ளி, கையில் தலைக்கவசத்தோடு நின்றாள். அவள் கத்தவில்லை. மோட்டரைப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

காரணம் இருக்கிறது. இன்னொரு தடவை அந்த மோட்டர் சாய்ந்தால் அதை விற்றுவிடுவதாக அவள் எனக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். ஒரு மாதம்கூட ஆகவில்லை. தனம் வாக்குக் கொடுத்தால் என்ன ஆகும் என்பது எங்கள் சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் தெரியும்.

லாபிஸ் காப்பி

ஓர் உதாரணம் சொல்கிறேன். கல்யாணமான புதிதில் லாபிஸில் என் சித்தப்பா வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தோம். யாரோ ஒருவர் தனத்தின் உயரத்தைப் பற்றிக் கேலி பேச, எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன். தனம் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்து, "இனிமே இந்த வீட்டுல காப்பி குடிக்க மாட்டேன்" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

இருபத்தைந்து வருடங்களுக்கு மேல் ஆகிறது. லாபிஸுக்கு எத்தனையோ முறை போய்விட்டோம். சித்தப்பா வீட்டில் சாப்பிடுவாள், பாத்திரம் கழுவுவாள், சித்தியோடு அரட்டை அடிப்பாள். காப்பி மட்டும் பிளாஸ்க்கில் எங்கள் வீட்டிலிருந்து வரும். கேலி பேசியவர் இறந்தே போய்விட்டார். பிளாஸ்க் இன்னும் போகிறது.

இந்தத் தொடரில் இதுவரை நான் வேலை பார்த்த செம்பனை எண்ணெய் ஆலையைப் பற்றியே எழுதி வந்தேன். கொதிகலன், அச்சு, பற்சக்கரம் என்று. அதையெல்லாம் படித்துவிட்டுத் தனம் போன வாரம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "உங்க ஆலையில எல்லா இரும்பப் பத்தியும் எழுதிட்டீங்க. என் மோட்டரும் இரும்புதானே லா?"

அதனால் இந்த வாரம் அவளுடைய இரும்பு.

சோடாப் பெட்டி

தனம் நாலு அடி பத்து அங்குலம். நான் ஆறடிக்கு ஓர் அங்குலம் குறைவு. கல்யாணத்தன்று படம் எடுத்தவர் எங்களை நிற்க வைத்துப் பார்த்தார், தலையைச் சொறிந்தார், பந்தலுக்குப் பின்னாலிருந்து ஒரு சோடாப் பெட்டியைக் கொண்டுவந்து போட்டார். சேலை மறைத்துவிடும், ஏறி நில்லுங்கள் என்றார்.

"நான் இவ்வளவுதான். இப்படியே எடுங்க" என்றாள் மணப்பெண்.

அந்தப் படம் எங்கள் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. அவள் தலை என் சட்டைப் பைக்கு நேராக நிற்கும். முகத்தில் ஒரு சின்ன வெற்றி தெரியும். எனக்கு அன்றைக்கு அது புரியவில்லை, கூச்சமாக இருந்தது. இப்போது அந்தப் படத்தைப் பார்த்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

லோரிக் காற்று

நாங்கள் இருப்பது சிம்பாங் ரெங்கம். தனத்துக்கு வேலை குளுவாங்கில், ஒரு பரிசோதனைக் கூடத்தில். ரத்தம் எடுக்கும் வேலை. பல வருடம் சின்ன கப்சாய் மோட்டரில்தான் போய்வந்தாள். சாலை நெடுக செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள். ஒரு லோரி பக்கத்தில் கடந்தால் கப்சாய் காற்றில் ஒரு முழம் தள்ளிப் போகும். ஒரு நாள் அவள் அப்படித் தள்ளப்பட்டு, சாலையோரப் புல்லில் இறங்கி நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

"எனக்குக் கனமான மோட்டர் வேணும்" என்றாள் அன்றைக்குச் சாப்பிடும்போது.

நான் கார் என்றேன். கார் நிறுத்த இடம் தேடியே பாதி நாள் போய்விடும் என்றாள். மகள் அவள் பக்கம் சேர்ந்துகொண்டாள். கடைசியில் இருநூற்றைம்பது சிசி மோட்டர் ஒன்று வீட்டுக்கு வந்தது. உயரமான ஜாதி, மண்சாலைக்கும் தார்ச்சாலைக்கும் பொதுவானது. எனக்கு அளந்து தைத்தது போல இருந்தது. தனம் ஏறி உட்கார்ந்தால் இரண்டு பெருவிரல்கள் மட்டும் தரையைத் தொடும்.

ஓடிக்கொண்டிருக்கும்போது அவளுக்கு எந்தக் குறையும் இல்லை. அவ்வளவு அழகாக ஓட்டுவாள். பின்னால் கப்சாயில் போய்ப் பார்த்திருக்கிறேன், வளைவில் கோடு போட்டது போலப் போவாள். நின்றால்தான் சிக்கல்.

முதல் தடவை எங்கள் வீட்டு வாசலில் சாய்ந்தது. யாருக்கும் அடியில்லை. இரண்டாம் தடவை குளுவாங்கில், டிராபிக் லைட்டில். நிறுத்திக் காலை ஊன்றிய இடத்தில் சாலை ஒரு விரல்கடை பள்ளம். பெருவிரலுக்கு அந்தப் பள்ளம் போதும். மோட்டரோடு தரைக்குப் போனாள். பின்னால் வந்த லோரி பிரேக் போட்டு நின்றது.

"எவ்வளவு பக்கத்துல நின்னுச்சு?" என்று கேட்டேன்.

"கைய நீட்டுனா தொட்டுறலாம்."

அதைச் சொல்லிவிட்டு அவள் ரசம் ஊற்றிக்கொண்டாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. அன்று முழுக்க அந்த லோரியின் முன்பக்கம்தான் என் கண்ணில் நின்றது. விற்றுவிடலாம் என்றேன். கெஞ்சினேன் என்றே சொல்ல வேண்டும். தடித்த அடிப்பாகம் வைத்த சப்பாத்து வாங்கித் தருகிறேன் என்றும் சொன்னேன்.

"நான் உசர மாட்டேன். வேணும்னா மோட்டரு இறங்கட்டும்" என்றாள். கைப்பேசியில் எதையோ தேடி எடுத்து என்னிடம் நீட்டினாள். மோட்டரின் பின்பக்கத்தை இறக்கும் கிட். "இத நீங்க போட்டுக் குடுங்க. அதுக்கப்புறம் ஒரு தடவ சாஞ்சாலும் நானே வித்துர்றேன். சத்தியம்."

என் மனதில் இருந்ததையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். சத்தியத்தைக் கேட்டதும் எனக்கு நிம்மதிதான் வந்தது. எப்படியும் ஒரு தடவை சாயும், விற்றுவிடுவாள், கதை முடிந்தது என்று நினைத்தேன்.

இரண்டு இரும்பெலும்பு

கிட் என்றதும் பெரிதாக ஏதோ வரும் என்று பார்த்தால், ஒரு சின்ன அட்டைப் பெட்டி. உள்ளே நாய் கவ்வும் எலும்பு வடிவத்தில் இரண்டு இரும்புப் பட்டைகள். இரண்டு பக்கமும் ஓட்டை. அவ்வளவுதான்.

பின் சக்கரத்தைத் தாங்கும் கைக்கும் நடுவில் இருக்கும் ஸ்பிரிங்குக்கும் ஒரு தொடர்பு வேண்டும் அல்லவா, அந்தத் தொடர்புதான் இந்த எலும்புகள். பழையதைக் கழற்றிவிட்டுக் கொஞ்சம் நீளமான எலும்பைப் போட்டால், வண்டியின் பின்பக்கம் கொஞ்சம் இறங்கும். எங்களுடையது ஒன்றரை அங்குலம் இறக்கும் கிட். பின்னால் இறக்கினால் முன்னாலும் கொஞ்சம் இறக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் வளைவில் வண்டி சொன்ன பேச்சுக் கேட்காது.

ஆலையில் முப்பது வருடம் பிட்டர் வேலை பார்த்தவன் நான். இரண்டு எலும்பு எனக்கு எம்மாத்திரம்? ஞாயிற்றுக்கிழமை காலை, பசியாறிவிட்டு, வீட்டு முன் கூரைக்கடியில் ஆரம்பித்தேன். எஞ்சினுக்குக் கீழே பலகை, பலகைக்குக் கீழே கார் ஜேக்கு. பின் சக்கரம் தரையைவிட்டு எழும்பியது. இரண்டு பக்கமும் கயிறு கட்டித் தூணோடு இழுத்து நிறுத்தினேன். நட்டுகள் கழன்றன. போல்ட்டு மட்டும் அசைய மறுத்தது.

தட்டினேன். வரவில்லை. இன்னும் கொஞ்சம் பலமாகத் தட்டினேன். சுத்தியலைப் பெரிதாக மாற்றலாம் என்று உள்ளே போகப் பார்த்தேன்.

"இருங்க" என்றாள் தனம்.

நரம்பு தேடும் விரல்

அவள் அதுவரை ஒரு குட்டி நாற்காலியில் உட்கார்ந்து புது எலும்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எழுந்து வந்து மோட்டருக்குப் பக்கத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்தாள். போல்ட்டின் முனையில் ஆள்காட்டி விரலை வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஜேக்க கொஞ்சம் ஏத்துங்க."

ஏற்றினேன்.

"இன்னும் கொஞ்சம். போதும். இப்ப ஒரு நூல் இறக்குங்க. அரை நூல்... நிறுத்துங்க."

போல்ட்டை இரண்டு விரலால் பிடித்து இழுத்தாள். வந்துவிட்டது. நான் அரை மணி நேரமாக அடித்துக்கொண்டிருந்த போல்ட்டு அது. சக்கரத்தின் கனம் அதை நெரித்துப் பிடித்திருந்திருக்கிறது, சரியான உயரத்தில் கனம் விலகியதும் அதுவாகவே விட்டுக் கொடுத்தது. இது எனக்குத் தெரியாத பாடமா? ஆலையில் நானே பிறருக்குச் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு என் கைக்கு மறந்துபோயிற்று.

"எப்படி லா?" என்றேன்.

"நரம்பு கிடைக்காத கையில எப்படி எடுப்போம்? கண்ண நம்பக் கூடாது. விரலு சொல்லும்."

அன்றைக்குத்தான் அவள் வேலையை நான் முதன்முதலாகப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். வீட்டில் அவள் அதைப் பற்றிப் பேசமாட்டாள். டயாலிசிஸ் போய்ப் போய்க் கை கல்லாகிப்போன ஆட்கள், பயந்து நடுங்கும் கிழவர்கள், ஊசியைப் பார்த்ததும் கத்தும் குழந்தைகள், எல்லார் கையிலும் இந்த விரல்தான் தேடியிருக்கிறது. ஒரே குத்தில் எடுப்பவர் என்று குளுவாங்கில் அவளைத் தேடி வருவார்களாம். இதுவும் இன்னொருவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

மீதி வேலையில் நான் உதவியாளாகிவிட்டேன். கிரீஸ் பூசினாள், புது எலும்புகளை மாட்டினாள், நான் முறுக்கினேன். முன்பக்கக் குழாய்களை அளந்து இறக்கினோம். செயினைச் சரிசெய்தோம். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் ஜேக்கை இறக்கியாயிற்று. தனம் ஏறி உட்கார்ந்தாள். இரண்டு பாதமும், குதிகால் உட்பட, தரையில் பதிந்தன.

காலைத் தூக்கித் தூக்கி வைத்துப் பார்த்தாள், தண்ணீரில் நிற்கும் குழந்தை போல. இந்த மோட்டரை விற்க வேண்டும் என்றா காத்திருக்கிறேன் என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

"செட் ஆயிரும்"

இனி என் முட்டாள்தனம்.

மோட்டர் கீழே இறங்கினால் அதன் சைட் ஸ்டாண்டையும் வெட்டிக் குறைக்க வேண்டும். ஸ்டாண்டு பழைய நீளத்திலேயே இருந்தால், மோட்டர் இடப்பக்கம் சாயாமல் விறைப்பாக நிமிர்ந்து நிற்கும். தொட்டால் வலப்பக்கம் விழும். சின்னப் பிள்ளைக்கும் தெரிகிற கணக்கு.

ஆனால் எங்கள் தாமான் குடியிருப்பில் எல்லா வீட்டு முன்தளமும் லொங்காங்கை நோக்கிச் சரிவாகப் போட்டிருப்பார்கள், மழைத் தண்ணீர் சாக்கடைக்கு ஓடுவதற்காக. நான் மோட்டரை அந்தச் சரிவுக்குக் குறுக்கே, ஸ்டாண்டு பள்ளத்துப் பக்கம் வரும்படி நிறுத்தியிருந்தேன். அங்கே அது அழகாகச் சாய்ந்து நின்றது. பார்த்தேன், திருப்தியானேன், கை கழுவினேன்.

தனம் அதைத் தெருவில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, "என்னங்க, ரோட்டுல நிறுத்துனா நிமிந்து நிக்குது. ஸ்டாண்டு நீளமோ?" என்றாள்.

"புதுசா மாட்டுனது லா. ரெண்டு நாள் ஓடுனா செட் ஆயிரும்."

மறுநாளும் கேட்டாள். மறுநாளும் செட் ஆயிரும் என்றேன். முப்பது வருட பிட்டருக்கு ரத்தம் எடுக்கிற பெண் சொல்லித் தருவதா என்ற நினைப்பு. போல்ட்டு விஷயத்தில் பட்ட சூடு ஆறாமல் இருந்தது என்றும் வைத்துக்கொள்ளலாம்.

வெள்ளிக்கிழமை பூசை போட முனீஸ்வரன் கோயிலுக்குப் போனோம். எங்கள் பக்கம் புது வண்டிக்கு மட்டுமல்ல, வண்டியில் பெரிய வேலை செய்தாலும் ஒரு பூசை போட்டுவிடுவோம். அவள் தன் மோட்டரில் வந்தாள், நான் கப்சாயில் பின்னாலேயே வந்தேன். கோயில் முற்றத்துக்குப் புதிதாக சிமெண்டு போட்டிருந்தார்கள், கோலிக்குண்டு வைத்தால் உருளாத மட்டம். தனம் ஸ்டாண்டைப் போட்டு இறங்கினாள். பூசாரி சூடம் காட்டினார், டேங்கில் சந்தனம் வைத்தார், எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்துக்கு வைத்தார். ஒரு பெரிய ரோஜா மாலையை எடுத்து வலப்பக்கக் கண்ணாடியில் மாட்டினார்.

அந்த மாலையின் கனம் போதுமாக இருந்தது.

மட்டமான தரையில்

இப்போது மறுபடியும் முற்றத்துக்கு வருகிறேன். மோட்டர் கிடக்கிறது. கோயிலுக்கு வந்திருந்த ஏழெட்டுப் பேர் சுற்றி நிற்கிறார்கள்.

"கண்ணு பட்டிருக்கு" என்றார் பூசாரி. "அக்கா, தப்பா நினைக்காதீங்க. சாமி முன்னாலேயே விழுந்துருச்சு. இந்த மோட்டரு உங்களுக்கு வேணாம்னு சொல்றாரு."

கூட்டத்தில் ஒருவர், பொம்பளைக்கு எதற்கு இத்தனை பெரிய வண்டி என்றார். ஆமாம் என்றார் இன்னொருவர். தூக்கிவிட இரண்டு பேர் வந்தார்கள்.

"வேணாம் அண்ணே. நானே தூக்குறேன்."

முதலில் மாலையைக் கழற்றிப் பூசாரியிடம் கொடுத்தாள். கியரைப் போட்டாள். மோட்டருக்கு முதுகைக் காட்டிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். ஒரு கையால் ஹேண்டிலை, ஒரு கையால் பின்கம்பியைப் பிடித்தாள். கையால் இழுக்கவில்லை. முதுகைச் சீட்டில் முட்டுக்கொடுத்து, காலால் தரையை உந்தி, பின்பக்கமாகச் சின்னச் சின்ன அடி வைத்தாள். அவளைப்போல் மூன்று பங்கு கனமுள்ள மோட்டர் அவளோடு சேர்ந்து எழுந்தது. அதை எங்கே கற்றாள் என்று எனக்குத் தெரியாது. அந்த வலுவை நான் அதுவரை பார்த்ததும் இல்லை. தூக்கிவிட வந்த இருவரும் வழிவிட்டு ஒதுங்கினார்கள்.

எழுந்த மோட்டரை அவள் ஸ்டாண்டை நம்பி விடவில்லை. முற்றத்து ஓரத்துக்குத் தள்ளிப் போய், சிமெண்டு முடிந்து மண் பள்ளமாக இருந்த இடத்தில் ஸ்டாண்டை ஊன்றினாள். மோட்டர் ஒழுங்காகச் சாய்ந்து நின்றது. அதைப் பார்த்ததும் எனக்கு முகம் சுட்டது. காரணத்தை அவள் அறிந்திருந்தாள். இரண்டு முறை சொல்லியும் இருந்தாள். நான் சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கூட்டத்தில் என் மானம் போயிருக்கும். அவள் சொல்லவில்லை.

சாவியை எடுத்துக்கொண்டு வந்து என் முன்னால் நீட்டினாள்.

"வித்துருங்க."

நான் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். வாயை மூடிக்கொண்டு சாவியை வாங்கிக்கொள்வது. பழியைக் கண் மேல் பூசாரியே போட்டுக் கொடுத்துவிட்டார். லோரி பயம் எனக்கு அன்றோடு ஒழிந்துவிடும். கை நீட்டினேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். விரல்கள் சாவியைத் தொட்டன.

"கண்ணு இல்ல பூசாரி" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சத்தமாகச் சொன்னேன். "கண்ணும் இல்ல, சாமியும் சொல்லல. ஸ்டாண்டு நீளம். நான் வெட்டிக் குறைச்சிருக்கணும். இவ ரெண்டு தடவ சொன்னா, நான் கேக்கல. தப்பு என்னோடது."

பூசாரி மாலையோடு நின்றார். தனம் என்னை நிமிர்ந்து பார்த்தாள். எங்கள் கல்யாண வாழ்க்கையில் அந்தக் கடைசி இரண்டு வார்த்தைகளை அவள் என் வாயிலிருந்து கேட்டதே இல்லை.

"வித்தா உங்களுக்கு நிம்மதிதானே? எதுக்குச் சொன்னீங்க?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"பயப்படுறது நான். அதுக்காக உன் மோட்டர ஏன் விக்கணும்?"

சாமியின் பக்கம் திரும்பிக் கொஞ்ச நேரம் நின்றாள். வாக்கை அவளும் சாமியும் எப்படித் தீர்த்துக்கொண்டார்கள் என்று நான் கேட்டதில்லை. பிறகு சாவியைத் தன் கைக்குள் மூடிக்கொண்டாள்.

"நீங்க இன்னும் முழுசா போட்டுக் குடுக்கலையே. நாளைக்கு ஸ்டாண்ட வெட்டிக் குடுங்க. இப்ப கப்சாய இங்கயே விட்டுட்டு பின்னால ஏறுங்க."

நான் அதுவரை யார் பின்னாலும் உட்கார்ந்ததில்லை. ஏறினேன். வலப்பக்கக் கண்ணாடி விரிசல் விட்டிருந்தது, பிரேக் பிடி லேசாக வளைந்திருந்தது. பூசாரி மறுபடி சக்கரத்துக்கு வைத்த எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு அவள் புறப்பட்டாள். செம்பனை மரங்களுக்கு நடுவே மண்சாலையில் போய், பெரிய சாலை சேரும் இடத்தில் நிறுத்தினாள்.

நிறுத்தியதும் என் இரண்டு காலும் தாமாக இறங்கித் தரையை ஊன்றிக்கொண்டன.

"கால மேல வைங்க" என்றாள் திரும்பாமலே. "நான் பிடிச்சிருக்கேன்."

குனிந்து பார்த்தேன். அவளுடைய இரண்டு பாதங்களும் தரையில் முழுதாகப் பதிந்திருந்தன. காலை மேலே வைத்தேன்.